பாம்பன் பாலத்து ரயிலுக்கு என்ன நிறம்? நிஜ நிறங்களும் கற்பனை நிறங்களும்

பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட பிறகு, அதன் மேல் ரயில் போகும் படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் குவிகின்றன. சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி, காவி நிற வந்தே பாரத், மயில் கழுத்து நிறத்தில் பளபளக்கும் சொகுசு ரயில் என எல்லாமே உண்டு. சில, கேமராவில் எடுத்தவை. சில, ரசிகர்கள் கணினியில் வரைந்தவை. இன்னும் சில, செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவை. மூன்றும் ஒரே குழுவில், ஒரே வேகத்தில் பகிரப்படுகின்றன. பயணிகள் "இந்த ரயில் எப்போது வரும்" என்று கேட்கிறார்கள். மாதிரி ரயில் செய்கிறவர்கள் படத்தை நம்பி பெயிண்ட் வாங்கிவிடுகிறார்கள்.

ரயிலின் நிறம் ரசனையால் மட்டும் முடிவாவதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு காலம் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது. அந்த இரண்டும் தெரிந்தால் பொய்ப்படம் உடனே பிடிபடும். கற்பனை நிறமும் நம்பும்படி அமையும்.

முதலில்: ரயிலுக்கு நிறம் எதற்கு?

நிற அமைப்பு என்றால் பெட்டியின் உடல் நிறம் மட்டுமல்ல. ஜன்னல் வரிசையில் ஓடும் பட்டை, கூரை நிறம், எஞ்சினின் முகப்பு, எழுத்து, எண், முத்திரை எல்லாம் சேர்ந்ததுதான் அது. அது செய்யும் வேலைகள் இவை:

1. துருவைத் தடுப்பது. பெயிண்டின் முதல் வேலை இதுதான், அழகெல்லாம் அப்புறம். ராமநாதபுரம் கரையில் இதன் அருமை தெரியும். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய இரும்புப் பெட்டியின் வாசற்படி ஓரத்தையும் கழிவறைக்குக் கீழே உள்ள பகுதியையும் உற்றுப் பார்த்தால், பெயிண்ட் சிறு சிறு கொப்புளமாக எழும்பியிருப்பது தெரியும். கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளே பழுப்புத் தூள். தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும்.

2. அடையாளம் காட்டுவது. இது என்ன வகை ரயில், எந்த வகுப்புப் பெட்டி என்பதைத் தூரத்திலிருந்தே சொல்வது. நீலப் பெட்டிகளில் கடைசி ஜன்னலுக்கு மேலே சாய்வாகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகள், அது முன்பதிவு இல்லாத பெட்டி என்று காட்டுபவை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடைமேடையில் ஓடுகிறவருக்கு எழுத்தைவிட இந்தப் பட்டைதான் முதலில் கண்ணில் படும்.

3. பாதுகாப்பு. எஞ்சினின் முகப்பு தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். கடைசிப் பெட்டியின் பின்புறம் உள்ள பெரிய பெருக்கல் குறியும் இந்த வகைதான். அதைப் பார்த்தால் ரயில் முழுதாகப் போய்விட்டது, பெட்டி எதுவும் நடுவில் கழன்று நிற்கவில்லை என்று நிலைய ஊழியர் உறுதி செய்துகொள்வார்.

4. அழுக்கும் வெயிலும். பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் பழுப்பாகப் படியும். சரக்கு வண்டிகளுக்குச் செங்காவி நிறம் உலகமெங்கும் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணம். செங்காவி என்பது இரும்பு ஆக்சைடு. விலை குறைவு, வெயிலில் வெளிறாது, தூசியையும் மறைக்கும்.

கடலோர அலங்காரங்கள் இந்தக் கணக்கைப் புறக்கணித்தால் நிலைக்காது. புதிய பாம்பன் பாலத்தின் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு, எபாக்சி, அதன் மேல் பாலிசிலாக்சேன் என்று அடுக்கடுக்காகப் பூசியதும் இதற்காகத்தான்.

ராமேஸ்வரம் பாதையில் வந்துபோன நிறங்கள்

பாம்பன் பழைய பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் போகும் போட் மெயில் பயணம் அந்தப் பாலத்தால்தான் சாத்தியமானது. அப்போது பாதை தென்னிந்திய ரயில்வே நிறுவனத்துடையது. 1951 ஏப்ரல் 14-இல் அது மற்ற இரண்டு ரயில்வேக்களோடு இணைந்து தெற்கு ரயில்வே ஆனது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும், அதை நோக்கிப் போன பயணிகள் ரயிலும் கடலில் போயின. அதன் பிறகு தனுஷ்கோடிக்கு ரயில் கிடையாது.

தண்டவாள அகலம் ஒரு மீட்டராக இருந்த மீட்டர் கேஜ் காலத்தில் நெடுநாள் ஓடியது செங்கல் சிவப்புப் பெட்டிகள். நாற்பது வயதைத் தாண்டிய ராமநாதபுரத்துக்காரர்களுக்கு ரயில் என்றால் அந்த நிறம்தான். 1990-களில் இந்திய ரயில்வே பெட்டிகள் நீலத்துக்கு மாறத் தொடங்கின. அடர் நீல உடல், ஜன்னல் வரிசையில் வெளிர்நீலப் பட்டை. பழைய வெற்றிட பிரேக் பெட்டிகளையும் புதிய காற்று பிரேக் பெட்டிகளையும் பிரித்துப் பார்க்க இந்த நிற மாற்றம் உதவியது. அதாவது, நிறம் இங்கே எந்திரச் செய்தி.

2007 ஆகஸ்டில் பாம்பன் பாலம் அகலப்பாதையாகத் திறந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். (ஒருங்கிணைந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை) வடிவமைப்பு நீலப் பெட்டிகள் டீசல் எஞ்சினோடு பாலத்தின் மேல் ஊர்ந்து வந்தன. 2018-இல் இதே வகைப் பெட்டிகளுக்கு வெளிர் மஞ்சளும் பழுப்பும் கலந்த புது நிற அமைப்பு வந்தது. அந்த ஆண்டு ஜனவரியோடு அந்தப் பழைய வடிவமைப்பில் பெட்டி கட்டுவதை ஐ.சி.எஃப். நிறுத்திவிட்டது. பிறகு வந்தவை துருப்பிடிக்காத எஃகில் செய்த, எல்.எச்.பி. என்ற ஜெர்மன் வடிவமைப்புப் பெட்டிகள். இப்போது நாம் அதிகம் பார்க்கும் சிவப்பு-சாம்பல் அந்தப் பெட்டிகளுடையது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய நிறம் அறிவித்ததும் எல்லாப் பெட்டியும் ஒரே நாளில் மாறிவிடாது. பணிமனைக்குப் பராமரிப்புக்குப் போகும் முறை வரும்போதுதான் ஒவ்வொரு பெட்டியும் நிறம் மாறும். அதனால் ஒரே ரேக்கில், அதாவது ஒன்றாகக் கோத்து ஓடும் பெட்டித் தொகுப்பில், நீலமும் பழுப்பும் கலந்து ஆண்டுக்கணக்கில் ஓடும். பல மாதிரி ரயில்கள் பொய்யாகத் தெரிவதற்குக் காரணம், எல்லாப் பெட்டியும் ஒரே நிறத்தில், ஒரே பளபளப்பில் இருப்பதுதான்.

நிஜத்துக்கும் கற்பனைக்கும் நடுவே

நிஜம், கற்பனை என்று இரண்டு கூறாக வெட்டிவிட முடியாது. நடுவில் பல படிகள் உண்டு.

1. வழக்கமான நிறம். மேலே சொன்னவை.

2. விளம்பரப் போர்வை. எஞ்சின் மீதோ பெட்டி மீதோ ஒட்டும் வினைல் தாள். நிஜம்தான், ஆனால் சில மாதங்களில் உரித்துவிடுவார்கள். படம் மட்டும் இணையத்தில் தங்கிவிடும்.

3. நினைவு நிறம். அமெரிக்காவின் நார்ஃபோக் சதர்ன் ரயில்வே 2012-இல் 20 புதிய எஞ்சின்களுக்கு, தன்னோடு இணைந்து மறைந்துபோன பழைய ரயில்வேக்களின் நிறங்களைப் பூசியது. எஞ்சின் நிஜம், நிறமும் நிஜம். ஆனால் அந்த எஞ்சின் பிறந்தபோது அந்த ரயில்வேக்கள் இல்லை. இது பழைய நிறத்தைப் புது உடலில் பொருத்திப் பார்க்கும் கற்பனை. செலவு செய்தது ஒரு ரயில்வே நிறுவனம் என்பதுதான் வித்தியாசம்.

4. பிறக்காத ரயில்வேயின் நிறம். எல்லாவற்றிலும் விசித்திரமானது இதுதான். 1980-களில் அமெரிக்காவின் சதர்ன் பசிபிக், சாந்தா ஃபே என்ற இரண்டு பெரிய ரயில்வேக்கள் இணைவதாக இருந்தது. அனுமதி வருவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான எஞ்சின்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் பூசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பெயரையும் சேர்த்த சுருக்கம் SPSF. சதர்ன் பசிபிக் எஞ்சினில் அதன் முதல் இரண்டு எழுத்து, சாந்தா ஃபே எஞ்சினில் கடைசி இரண்டு எழுத்து. மீதி எழுத்துக்குக் காலி இடம். 1986-இல் ஒழுங்குமுறை ஆணையம் இணைப்பை மறுத்துவிட்டது. காலி இடம் காலியாகவே இருக்க, அந்த எஞ்சின்கள் பல ஆண்டுகள் ஓடின. நிஜமான எஞ்சின்கள், நிஜமான பெயிண்ட், இல்லாத ரயில்வே.

5. முழுக் கற்பனை. மாதிரி ரயில் உலகில் இதற்குப் பெரிய மரபே இருக்கிறது. இங்கிலாந்தில் ஜான் ஆஹெர்ன் உருவாக்கிய 'மேடர் வேலி' என்ற கற்பனை ரயில்வே இன்றும் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள பெண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஜான் ஆலன் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய மலை ரயில்வே, 1973 ஜனவரியில் அவர் இறந்து சில நாட்களில் தீயில் போய்விட்டது. நிஜத்தில் இல்லாத இந்த ரயில்வேக்களுக்குத் தண்டவாளம், நிலையம், வரலாறு எல்லாம் இருந்தன. அந்த வரலாறு இருந்ததால்தான் பார்ப்பவர்கள் நம்பினார்கள்.

நான்காம் படியை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு நிறம் நிஜமா என்பதற்கு 'எஞ்சின் மேல் பூசப்பட்டதா' என்ற கேள்வி மட்டும் போதாது. யார், எந்த ஆண்டு, எதற்காகப் பூசினார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

பாம்பன் படம் வந்தால் எப்படிச் சோதிப்பது?

1. பாலத்தைப் பாருங்கள், ரயிலை அப்புறம் பார்க்கலாம். பழைய பாலத்தின் தூக்குப் பகுதி இரண்டு சிறகாகப் பிரிந்து மேலே எழும். புதிய பாலத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே போகும்.

2. தேதியைப் பொருத்துங்கள். பழைய பாலத்தில் ரயில் 2022 டிசம்பரோடு நின்றது. காவி-சாம்பல் வந்தே பாரத் 2023 செப்டம்பரில்தான் ஓட்டத்துக்கு வந்தது. அம்ரித் பாரத் என்ற இன்னொரு புது வகை ரயில் அதே ஆண்டு டிசம்பர் 30-இல். ஆகவே பழைய பாலத்தின் மேல் இந்த இரண்டில் எது தெரிந்தாலும் அது கற்பனை. வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

3. மின்கம்பியைத் தேடுங்கள். பழைய பாலத்தில் கடைசி வரை மின்பாதை வரவில்லை. அதன் மேல் மின்சார எஞ்சின் ரயிலை இழுத்துக்கொண்டு போனால் அது வரைந்த படம்.

4. பெட்டி எண்ணைப் படியுங்கள். இந்திய ரயில் பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அது கட்டப்பட்ட ஆண்டு. 19 என்று தொடங்கினால் 2019. செயற்கை நுண்ணறிவு செய்த படங்களில் எண் இருக்கும் இடத்தில் ஏதோ கிறுக்கல்தான் இருக்கும்.

5. பட்டையைக் கண்ணால் தொடருங்கள். நிஜப் பெட்டியில் பட்டை கதவிலும் அதே உயரத்தில் தொடரும், அடுத்த பெட்டியிலும் அதே கோட்டில் வரும். பொய்ப்படத்தில் அது கதவருகே வளைந்துவிடும், அல்லது மூன்றாவது பெட்டியில் காணாமல் போகும்.

பழைய படங்களுக்கு நிறமேற்றும் சிக்கல்

போட் மெயில் காலத்துக் கறுப்பு-வெள்ளைப் படங்களுக்கு நிறம் சேர்த்துப் பகிர்வது இப்போது பரவலாகிவிட்டது. அந்த நிறத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய பிலிம்களில் ஒரு வகை, சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளிறித் தெரியும். பிலிம் எந்த வகை என்று தெரியாமல், சாம்பலின் அழுத்தத்தை மட்டும் வைத்து "இது பச்சை" என்று மென்பொருள் முடிவு செய்தால் அது ஊகம்தான். அப்படி நிறமேற்றிய படத்தைப் பார்த்து மாதிரி செய்தால், செய்தது கற்பனை மாதிரி. அதில் தவறில்லை. அதற்கு வரலாற்று முத்திரை குத்துவதுதான் தவறு.

மாதிரி ரயிலுக்கு: அளவு நிறத்தை மாற்றும்

மாதிரி ரயில்களில் பரவலான எச்.ஓ. (HO) அளவு என்பது நிஜ ரயிலின் 87-இல் ஒரு பங்கு. அந்த அளவில் சுமார் 2.08 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய பாலம் கிட்டத்தட்ட 24 மீட்டர் வரும். வீட்டுக்குள் அடங்காது. ஆனால் 72.5 மீட்டர் தூக்குத் துண்டு 83 சென்டிமீட்டர்தான். மேசை மேல் வைத்துவிடலாம். எல்.எச்.பி. பெட்டி ஒன்று 27 சென்டிமீட்டர். பாலத்தின் நடுப்பகுதியை மட்டும் செய்து, இரண்டு பக்கமும் சில கண்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தண்டவாளத்தில் ஒரு பொருத்தக் குறை உண்டு. எச்.ஓ. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர் என்பதால் சரியான கணக்குக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். மீட்டர் கேஜுக்கு 11.5 வேண்டும், கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு மிக நெருக்கம். அளவில் துல்லியம் வேண்டுகிறவர்களுக்கு, இன்றைய ரயிலைவிடச் செங்கல் சிவப்பு மீட்டர் கேஜ் ரயில்தான் கைகொடுக்கும்.

அடுத்தது நிறம். நிஜப் பெட்டியில் பூசும் அதே பெயிண்டைச் சின்னப் பெட்டியில் பூசினால் இருண்டு தெரியும். நிஜ ரயிலை நாம் வெட்டவெளி வெயிலில், தள்ளி நின்று பார்க்கிறோம். நடுவில் உள்ள காற்றும் தூசியும் நிறத்தை வெளிறச் செய்கின்றன. மாதிரியை அறைக்குள், டியூப் லைட் வெளிச்சத்தில், ஒரு முழ தூரத்தில் பார்க்கிறோம். ஆகவே கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். ராமேஸ்வரம் வெயிலைக் காட்ட வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கலக்கலாம்.

பூசும் வரிசை இது: சாம்பல் பிரைமர், அதன் மேல் வெளிர்நிறம், பட்டை வரும் இடத்தில் மாஸ்கிங் டேப், டேப்பின் ஓரத்தில் மறுபடி அதே வெளிர்நிறம் லேசாக, கடைசியில் அடர்நிறம். டேப் ஓரத்தில் இரண்டாம் முறை தெளிப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டேப்புக்குக் கீழே உள்ள நுண்ணிய இடைவெளியை அந்த வெளிர்நிறமே அடைத்துவிடுவதால் அடர்நிறம் உள்ளே கசியாது. கோடு கத்தியால் வெட்டியதுபோல் வரும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஸ்ப்ரே செய்ய வேண்டாம். காற்றின் ஈரத்தால் லாக்கர் பெயிண்டில் பால்போன்ற வெண்படலம் படியும். மழை இல்லாத நாளில், காலை ஈரம் வற்றிய பிறகு அடிக்கலாம்.

இந்தக் கரைக்கு ஒரு கற்பனை நிறம்

கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி நோக்கி ஒரு கடற்கரை ரயில் வேண்டும் என்பது இந்தப் பகுதியின் நெடுநாள் கோரிக்கை. இல்லாத பாதை என்பதால் கற்பனை மாதிரிக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. நிறம் எப்படி அமைப்பது?

முதலில் ஒரு வரலாறு வேண்டும். வாலிநோக்கம் பக்கத்து உப்பு, கருவாடு, பனைப் பொருள்களை ஏற்ற 1930-களில் ஒரு சின்ன நிறுவனம் மீட்டர் கேஜில் போட்ட பாதை என்று வைத்துக்கொள்வோம். 1951-க்குப் பிறகு அது தெற்கு ரயில்வேக்குள் போயிருக்கும். அப்படியானால் அதன் சொந்த நிறம் 1930 முதல் 1950 வரைதான் முழுதாக வாழும். அதன் பிறகு செங்கல் சிவப்பு மேலே ஏறும். பெயிண்ட் உரிந்த இடத்தில் மட்டும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

அப்புறம் காரணங்கள்:

1. நீலம் வேண்டாம். பின்னணியில் கடல் தெரியும் பாதையில் நீல ரயில் மறைந்துவிடும். தவிர, நீலம் என்றாலே நம் மனத்துக்கு 1990-களுக்குப் பிந்தைய பெட்டிதான் தோன்றும்.

2. பெட்டியின் கீழ்ப்பாதி காய்ந்த மணல் நிறம். அந்த நிறத்தில் உப்புக் கோடுகள் தனித்துத் தெரியாது.

3. ஜன்னல் வரிசை செங்காவி. இரும்பு ஆக்சைடு வெயிலைத் தாங்கும். பெட்டியின் இரு முனைகளில் மட்டும் கோயில் மதிலின் காவி-வெள்ளைப் பட்டைகளை நிமிர்த்திப் போடலாம். ராமேஸ்வரம் யாத்திரிகர் ரயில் என்ற அடையாளம் அது. உடல் முழுக்கப் போட்டால் திருவிழாப் பந்தல் ஆகிவிடும்.

4. கூரை வெள்ளை. உள்ளே சூடு குறையும்.

5. உப்பு வண்டிக்கு அலங்காரம் எதுவும் வேண்டாம். ஒரே செங்காவி, கீழ் விளிம்பில் துரு, கதவு ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு. உள்ளூர்க் கூலி ஆள் தூரிகையால் எழுதியது போன்ற எண்.

இந்தக் கரைக்கு இன்னொரு நிறக் கணக்கும் உண்டு. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீன்பிடிப் படகுகளுக்கு மாநிலவாரியாக நிறக் குறியீடு வந்தது. கடலோரக் காவல் படை தூரத்திலிருந்தே எந்த மாநிலப் படகு என்று அறிய வேண்டும் என்பது நோக்கம். ஆகவே உங்கள் மாதிரியில் துறைமுகம் இருந்தால் படகின் நிறமும் ஆண்டோடு பொருந்த வேண்டும். 1935 ரயிலுக்குப் பக்கத்தில் இன்றைய குறியீட்டு நிறத்தில் விசைப்படகு நின்றால், ரயில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காட்சி கெட்டுவிடும்.

தனுஷ்கோடியை மாதிரியாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புயல் வராமலிருந்தால் அந்த நிலையத்தில் இன்று எந்த நிற ரயில் நிற்கும் என்று கற்பனை செய்வது நல்ல வேலை. அந்த ஊருக்குச் செய்யும் மரியாதையும்கூட. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த ரயிலை அலைக்குள் சாய்த்துக் காட்சிப் பொருளாக்குவது வேண்டாம். அவர்களின் உறவினர்கள் இன்னும் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் இருக்கிறார்கள்.

கற்பனை நிறத்தைப் படமாகப் பகிரும்போது, படத்தின் மேலேயே 'கற்பனை' என்றும், எந்த ஆண்டுக்கான கற்பனை என்றும் எழுதிவிடுங்கள். கீழே தரும் விளக்கம் இரண்டாவது குழுவுக்குப் போகும்போதே உதிர்ந்துவிடும். படத்தின் மேல் எழுதியது கூடவே போகும். மூலையில் எழுதினால் வெட்டி எடுத்துவிடுவார்கள். பெட்டியின் பக்கவாட்டில், நிறுவனப் பெயர் வர வேண்டிய இடத்தில், உங்கள் கற்பனை ரயில்வேயின் பெயரையே பெரிதாக எழுதுங்கள்.